குச்சித் தீவனத்தின் ஈரக் கணக்கு

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், பால் மாடு கட்டியிருக்கும் வீட்டுத் திண்ணையில் ஒரு தீவன மூட்டை சாய்ந்து கிடக்கும். 50 கிலோ சாக்கு. பிரித்தால் பழுப்பு நிறத்தில், பென்சில் தடிமனில், ஓர் அங்குல நீளத்தில் குச்சி குச்சியாக இருக்கும். கடைக்காரர் இதைக் குச்சித் தீவனம் என்பார். கால்நடை மருத்துவர் அடர்தீவனம் என்பார். சாக்கின் மேல் கலப்புத் தீவனம் என்று அச்சிட்டிருக்கும். பொருள் ஒன்றுதான்.

ஜல்லிக்கட்டுக் காளைக்கு இன்றைக்கும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டித்தான் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் கறவை மாட்டுக்கும் அதுதான் வழக்கம். கழனித் தண்ணியில் தவிட்டைப் போட்டு, ஊறிய புண்ணாக்கைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். அந்த முறையில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரே குறை, எந்தப் பொருளும் தனியாக ஒரு மாட்டுக்குப் போதாது. மக்காச்சோளத்தில் மாவுச்சத்து நிறைய, புரதம் 9 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாது, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. ஒன்றின் குறையை இன்னொன்றைக் கொண்டு நிரப்பி, எந்தப் பிடி அள்ளினாலும் எல்லாச் சத்தும் ஒரே அளவில் இருக்கும்படி அரைத்துக் கலப்பதுதான் கலப்புத் தீவனம். அந்தக் கலவையை நீராவியில் வேகவைத்து, டை எனப்படும் ஓட்டையுள்ள இரும்பு வளையத்தின் வழியே பிதுக்கினால் குச்சித் தீவனம்.

இந்தியாவில் இது பெரிய அளவில் தொடங்கியது பால் கூட்டுறவுகளோடு. 1964-ல் குஜராத்தில் ஆனந்த் பக்கத்தில் உள்ள கஞ்சாரியில் அமுலின் தீவன ஆலையைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்துவைத்தார். மறு ஆண்டே தேசிய பால்வள வாரியம் உருவானது. அறுபது ஆண்டுகளில் இயந்திரங்கள் நிறைய மாறிவிட்டன. எடை போடுவதைக் கணினி செய்கிறது, புரதத்தை ஒளியை வைத்து அளக்கிறார்கள். ஆனாலும் ஆலையின் வாசலில் சரக்கு இறங்குவது முதல் உங்கள் தொழுவத்தில் கடைசிப் பிடி தீரும் வரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் தீவனத் தொழில் முழுவதும் புரிந்துவிடும்.

வாசலில் இறங்கும் தண்ணீர்

டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் களத்துக்கு வரும். கடைசி மழை தப்பிப் பெய்திருந்தால் கதிர் ஈரத்தோடு அறுபடும். லாரி ஆலைக்குள் நுழைந்ததும், "அண்ணே, நல்லாக் காஞ்ச சரக்கு, ஒரு மணியக் கடிச்சுப் பாருங்க" என்பார் புரோக்கர். "கடிச்சது போதும் தம்பி, மீட்டர்ல போடு" என்பதுதான் சரியான பதில். பல்லுக்கு 12 சதவீத ஈரமும் 14 சதவீத ஈரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பூஞ்சைக்கு அப்படித் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 18 சதவீத ஈரத்தோடு 100 கிலோ மக்காச்சோளம் வந்தால் அதில் காய்ந்த பொருள் 82 கிலோ. அதையே 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 93.2 கிலோ ஆகிவிடும். மீதி 6.8 கிலோ தண்ணீர். 10 டன் லாரியில் இது 680 கிலோ. அதாவது பதின்மூன்று மூட்டைக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். அதனால்தான் நல்ல ஆலைகள் ஈரத்தைப் பார்த்தே விலை பேசும், 14-க்கு மேல் போனால் இறக்கவே விடாது. காசு போவதுகூடப் பெரிதில்லை. அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சைதான் பெரிய சேதம்.

மாதிரி எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. லாரியின் மேல் இருக்கும் நாலு சாக்கில் குத்தூசி குத்திவிட்டுப் பாஸ் போடுவது பயனில்லை. ஈரச் சரக்கும் பூசணம் பிடித்த சரக்கும் பெரும்பாலும் அடியிலோ நடுவிலோதான் இருக்கும். மேல், நடு, அடி என்று குறைந்தது பத்து இடத்தில் குத்தி எடுத்து, ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்பக் கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். பூஞ்சை நஞ்சு ஒரு குவியலில் சமமாகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் கொத்தாக இருக்கும், பக்கத்திலேயே சுத்தமாக இருக்கும். மாதிரி தப்பினால் ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பச்சை நிறப் பூஞ்சை வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இதைச் சுரக்கிறது. தீவனப் பொருள்களில் அதிகம் மாட்டுவது கடலைப் புண்ணாக்கு, அடுத்து மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு கதிரைக் குடைந்த இடங்களில் பூஞ்சை எளிதாக நுழைகிறது. அதனால் புழு தின்ற சோளத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். வேகவைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. 80 டிகிரி நீராவியில் பூஞ்சை சாகும், அது ஏற்கெனவே சுரந்த நஞ்சு அப்படியே இருக்கும்.

மாடு தின்ற பி1 வகை நஞ்சில் ஒரு பங்கு எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2052 மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1 வரைதான் அனுமதிக்கிறது. பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் விவரம் புரியும். 20 மைக்ரோகிராம் உள்ள தீவனத்தில் 5 கிலோ தின்றால் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் 2 சதவீதம் பாலுக்கு வருவதாக வைத்தால் 2 மைக்ரோகிராம். 8 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலில் லிட்டருக்கு 0.25. பிரச்சினை இல்லை. தீவனத்தில் 60 இருந்தால் பாலில் 0.75 ஆகிவிடும். மாடு அப்போதும் வாட்டமில்லாமல் நிற்கும், பாலின் நிறமோ மணமோ மாறாது. அதைக் குடிக்கும் குழந்தைக்குத்தான் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு என்பதால்தான் இந்த ஒன்றைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு, தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. ஆலைகள் மட்டுமல்ல, பண்ணையாளர்களும் அங்கே மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் களிமண் வகைப் பொடிகளையும் ஆலைகள் சேர்க்கின்றன. அவை ஓரளவு காப்பாற்றும். கெட்ட புண்ணாக்கை நல்ல புண்ணாக்காக மாற்றாது.

ஒரு டன்னுக்கு என்னென்ன

20 சதவீதப் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு 1,000 கிலோவுக்கு ஒரு கலவை இப்படி அமையும்: மக்காச்சோளம் 220 கிலோ, கடலைப் புண்ணாக்கு 180, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 120, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 120, கோதுமைத் தவிடு 100, பருப்பு மில்லில் கிடைக்கும் துவரை அல்லது உளுந்துப் பொட்டு 80, சோயாப் புண்ணாக்கு 80, கரும்பாலை மொலாசஸ் 60, தாது உப்புக் கலவை 20, சுண்ணாம்புக்கல் தூள் 10, சாதா உப்பு 10. ஒவ்வொன்றின் புரதத்தையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 20-ஐ ஒட்டி வரும். மதுரை, விருதுநகர்ப் பக்கம் பருப்பு மில்களும் எண்ணெய் வியாபாரமும் இருப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய வசதி. பொட்டும் புண்ணாக்கும் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை.

விலையைப் பார்க்கும்போது புதிதாக வருபவர்கள் தப்புவது ஒரே இடத்தில். கிலோ விலையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது புரதத்தின் விலை. ஒரு கணக்குக்கு, 40 சதவீதப் புரதமுள்ள புண்ணாக்கு கிலோ 40 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதம் 100 ரூபாய்க்கு விழுகிறது. 22 சதவீதமுள்ளது 30 ரூபாய் என்றால் புரதம் கிலோ 136 ரூபாய். மலிவாகத் தெரிந்தது உண்மையில் விலை கூடியது. பெரிய ஆலைகளில் தினசரிச் சந்தை விலையைக் கணினியில் ஏற்றி, சத்து குறையாமல் செலவு குறையும் கலவையை எடுக்கிறார்கள். அதனால் ஒரே பெயருள்ள மூட்டையில் இந்த மாதம் இருக்கும் பொருள்கள் அடுத்த மாதம் அப்படியே இருக்காது. சத்தின் அளவு மாறாதவரை இது ஏமாற்று அல்ல.

ஏமாற்று நடக்கும் இடம் வேறு. சாக்கில் போட்டிருக்கும் புரதம் நேரடியாக அளந்தது அல்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி எழுதுவது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் கணக்கில் 287 சதவீதப் புரதம்! ஒரு டன்னில் 10 கிலோ யூரியா போட்டாலே சாக்கில் காட்டும் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் புரதமாக மாற்றும் என்பது உண்மைதான். அதற்கு 1 சதவீதம்தான் எல்லை, அதுவும் சீராகக் கலந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் கட்டியாக நின்றுபோன யூரியாவைத் தின்ற மாடு வயிறு உப்பி, நடுங்கி, சில மணி நேரத்தில் விழும். கன்றுக்கு யூரியா கலந்த தீவனம் கூடவே கூடாது, அதன் முதல் வயிறு இன்னும் வளரவில்லை. சாக்கில் புரத எண்ணுக்குக் கீழே யூரியா பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள்.

கடந்த சில ஆண்டுகளில் மூலப்பொருள் சந்தையைப் புரட்டிப்போட்டது எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2025-க்கு முன்கொண்டுவந்த பிறகு மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்கும் போகிறது, தீவன ஆலை போட்டி போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாவுச்சத்தை எடுத்த பிறகு அங்கே மிஞ்சும் சக்கையைக் காயவைத்துத் தீவனத்துக்கு விற்கிறார்கள். டிடிஜிஎஸ் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். மக்காச்சோளச் சக்கையில் 28 சதவீதம் வரை, அரிசிச் சக்கையில் 45 சதவீதம் வரை புரதம் உண்டு. நல்ல பொருள்தான். ஆனால் மாவுச்சத்து போனதும் மற்றவை எல்லாம் செறிந்துவிடும், சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சும் சேர்த்து. மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால் சக்கையில் 45. இதை வாங்கும் ஆலை நஞ்சு பார்க்காமல் வாங்கக் கூடாது. காயவைக்காத ஈரச் சக்கையை மலிவு என்று டெம்போவில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூசணம் பூத்துவிடும்.

அரைப்பதும் கலப்பதும்

அரைவை ஹாமர் மில்லில் நடக்கிறது. வேகமாகச் சுழலும் இரும்புத் தகடுகள் தானியத்தை அடித்து நொறுக்க, சல்லடை வழியாகத் தூள் இறங்கும். 8 மி.மீ. குச்சிக்கு 3 மி.மீ. சல்லடை பொருந்தும். தகட்டின் முனை தேய்ந்து உருண்டுவிட்டால் அது வெட்டாது, உரசும். தூள் சூடாகும், மின்சாரம் கூடும், சரக்கின் ஈரம் ஆவியாகி எடை குறையும். ஒவ்வொரு தகட்டுக்கும் நாலு முனை உண்டு, திருப்பித் திருப்பிப் போட்டு ஓட்டலாம். சல்லடை கிழிந்தால் முழுச் சோளம் குச்சியில் தெரியும். அந்த இடத்தில் குச்சி ஒடியும்.

அரைவைக்கு முன்னால் காந்தம் இருக்கும். சாக்குத் தைத்த கம்பி, ஆணி, போல்ட் எல்லாம் அதில் ஒட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் அதைத் துடைக்காவிட்டால் ஒட்டியதே திரும்ப உருவிக்கொண்டு போய்விடும். மாடு மெல்லாமல் விழுங்கும் பிராணி. ஒரு சிறு கம்பி இரண்டாம் வயிற்றைக் குத்தி இதய உறை வரை போகும். இயந்திரத்தைவிட மாட்டைக் காப்பாற்றத்தான் அந்தக் காந்தம்.

கலவையில் நேரமும் அளவும் முக்கியம். நாடா போன்ற இரும்புப் பட்டை உள்ளே சுழலும் ரிப்பன் மிக்ஸரில் உலர் கலவைக்கு 4 முதல் 6 நிமிடம். ரிப்பனின் மேல் விளிம்பு சரக்குக்கு மேலே லேசாகத் தெரிய வேண்டும். முழுக்க மூடினால் மேல் அடுக்கு நகராது, பாதிக்குக் குறைந்தால் சரக்கு புரளாது. டன்னுக்கு 1 கிலோ போடும் விட்டமினை அப்படியே கொட்டினால் ஒரு பக்கம் நிற்கும். முதலில் 10, 20 கிலோ தவிட்டோடு தனியாகக் கலந்து, அந்தக் கலவையைப் பாதி நிரம்பிய மிக்ஸரின் நடுவில் போட வேண்டும். மொலாசஸ் கடைசியில்தான். முந்திப் போனால் தாது உப்பைச் சுற்றி உருண்டை பிடித்துக்கொள்ளும். கலந்ததா என்று பார்க்க ஒரே தொகுதியின் பத்து இடத்தில் மாதிரி எடுத்து உப்பின் அளவை அளப்பார்கள். மாதிரிகளுக்குள் வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கலவை நன்று.

நீராவி

ஆலையில் அனுபவம் பேசும் இடம் இதுதான். தூள் கலவை ஒரு நீள உருளைக்குள் போகும்போது பாய்லரிலிருந்து நீராவி அதில் பாயும். அரை நிமிடமாவது உள்ளே இருந்து 75 முதல் 80 டிகிரிக்குச் சூடாக வேண்டும். மாவுச்சத்து கொஞ்சம் வெந்து பசையாகும், அந்தப் பசைதான் குச்சியைப் பிடித்து நிறுத்துகிறது. கண்டிஷனர் என்று இந்த உருளைக்குப் பெயர்.

ஏறத்தாழ 14 டிகிரி சூடேற, கலவையின் ஈரம் 1 சதவீதம் கூடும் என்பது ஆலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. காலையில் 30 டிகிரியில் இருக்கும் தூளை 80-க்குக் கொண்டுபோக 50 டிகிரி ஏற்ற வேண்டும், கூடும் ஈரம் மூன்றரை சதவீதம். 12 சதவீதத்தில் நுழைந்தது 15.5-ல் வெளியே வரும். மதுரைச் சித்திரை வெயிலில் தூளே 40 டிகிரியில் இருக்கும். அப்போது 80-ஐத் தொட 40 டிகிரி போதும், ஈரம் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே ஏறும். வெப்பமானி சரியாகக் காட்டும், குச்சி மட்டும் பொடிந்துகொண்டே இருக்கும். கோடையில் குச்சி உதிர்கிறது என்று டையைக் குறை சொல்லும் முன்னால், ஈரம் போதுமா என்று பார்ப்பது நல்லது.

நல்ல ஆபரேட்டர் கருவியை மட்டும் நம்பமாட்டார். உருளையின் வாயில் கையை நீட்டி ஒரு பிடி சூடான தூளை அள்ளுவார். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரலைத் திறப்பார். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அமுக்கினால் இரண்டாகப் பிளந்தால் சரி. திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதாது. உள்ளங்கையில் ஈரம் மினுங்கினால் நீராவியில் தண்ணீர்த் துளி கலந்து வருகிறது என்று அர்த்தம். அப்படி ஈர நீராவி வந்தால் சில நிமிடத்தில் ரோலர் வழுக்கும், டை அடைத்துக்கொள்ளும். குழாயில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப் வேலை செய்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டை என்பது நூற்றுக்கணக்கான துளைகள் போட்ட தடித்த எஃகு வளையம். உள்ளே இரண்டு ரோலர்கள் கலவையைத் துளைக்குள் தள்ளும், வெளியே கத்தி நீளத்துக்கு வெட்டும். மாட்டுக்கு 6 முதல் 8 மி.மீ. துளை, கோழிக்கு 3, 4 மி.மீ. ரோலருக்கும் டைக்கும் நடுவே மெல்லிய காகித அளவுதான் இடைவெளி. உரசினால் இரண்டும் தேயும், விலகினால் கலவை தள்ளுப்படாது. இயந்திரத்தை நிறுத்தும் முன் தவிட்டில் எண்ணெய் பிசைந்து கடைசியாக ஓட்டித் துளைகளை நிரப்பிவிடுவது பழக்கம். மறந்தால் உள்ளே நின்ற தீவனம் கல்லாகிவிடும். மறுநாள் ஒவ்வொரு துளையாகத் துளைபோட்டு எடுக்க வேண்டியதுதான்.

ஆறவைப்பது

வெளியே வரும் குச்சி சூடாக, மெத்தென்று, ஈரமாக இருக்கும். ஏற்றிய ஈரம் முழுவதையும் இங்கே இறக்கியாக வேண்டும். கூலரில் குச்சி மேலிருந்து மெல்ல இறங்க, கீழிருந்து காற்று மேலே இழுக்கப்படும். 10, 15 நிமிடம் கழித்து வெளியே வரும்போது வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் சூடு இருக்கக் கூடாது, ஈரம் 11 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஐஎஸ் 2052 சொல்லும் எல்லையும் அந்த 11-தான். அவசரப்பட்டு அதிகக் காற்றை இழுத்தால் வெளித்தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட குச்சியில் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகப் புகார் வருகிறது. காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கிறது, அது குச்சியிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. கோடையில் ஓட்டிய அதே வேகத்தில் ஓட்டினால் மூட்டை கொஞ்சம் ஈரத்தோடும் கொஞ்சம் சூட்டோடும் தைக்கப்பட்டுவிடும். இரவில் குளிரும்போது சூடான நடுப்பகுதியிலிருந்து ஆவி எழுந்து சாக்கின் ஓரத்தில் வியர்க்கும். பத்து நாளில் அந்த ஓரத்தில் பச்சைப் பூசணம். மழை மாதங்களில் உற்பத்தி வேகத்தைக் குறைத்து, கூலரில் குச்சி தங்கும் நேரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

குச்சியின் உறுதியைச் சோதிக்க 500 கிராம் எடுத்துச் சுழலும் பெட்டியில் போட்டு, நிமிடத்துக்கு 50 சுற்று என்று 10 நிமிடம் சுழற்றிச் சலிப்பார்கள். 475 கிராமுக்கு மேல் முழுசாக நின்றால் நல்ல குச்சி. உதிர்ந்த தூளை மாடு ஊதித் தள்ளிவிடும், அது காசு.

புதிதாக வந்தவற்றில் எது நமக்கு

ஒளியை வைத்து ஒரு நிமிடத்தில் புரதம், ஈரம், கொழுப்பு எல்லாம் சொல்லும் கருவி பெரிய மாற்றம். முன்பு புரதத்துக்கு அமிலத்தில் வேகவைத்துப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் லாரி சரக்கை இறக்கிப் போய்விடும். இப்போது இறக்கும் முன்பே தெரிகிறது.

இன்னொன்று பைபாஸ் புரதம். மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் புண்ணாக்குப் புரதத்தை உடைத்து அம்மோனியாவாக்கும். அவை பயன்படுத்தியதுபோக மிச்சம் சிறுநீரில் போகும். கடலைப் புண்ணாக்கின் புரதம் மிக வேகமாக உடைவது, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் புரதம் மெதுவாக உடைவது. கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நல்லது என்று நம் பெரியவர்கள் கண்ட அனுபவத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆலையில் புண்ணாக்கை அளந்த சிறு அளவு ஃபார்மால்டிஹைடால் பதப்படுத்தி, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் புரதம் முதல் வயிற்றைத் தாண்டிக் குடலில் செரிக்கும். அதிகமாகப் பால் கறக்கும் கலப்பின மாட்டுக்கு இது பயன் தரும். 5 லிட்டர் கறக்கும் மாட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. வீட்டில் செய்து பார்க்கும் வேலையும் இது இல்லை.

ஃபைட்டேஸ் நொதி கோழித் தீவனத்தில் உண்மையிலேயே நல்ல வேலை செய்கிறது, தானியத்தில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை விடுவிக்கிறது. மாட்டுக்கு அந்த வேலையை வயிற்று நுண்ணுயிர்களே செய்துவிடுகின்றன. அதைக் காரணம் காட்டி மாட்டுத் தீவன மூட்டைக்கு விலை ஏற்றினால் வாங்காதீர்கள். கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. தடை மிகத் தேவையான ஒன்று.

தொழுவத்தில்

உடலைக் காக்க ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் பசுவுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, எருமைக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஆறு கிலோ வரும், காலை மாலை பிரித்துக் கொடுக்க வேண்டும். பசும்புல் தாராளமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். பிராண்டை மாற்றினால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், வயிற்று நுண்ணுயிர்கள் பழக நேரம் வேண்டும். குச்சியை ராத்திரி ஊறப்போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆலை இவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணீரைத் திரும்பச் சேர்த்தால் காலைக்குள் புளிக்கும். அப்படியே உலர்வாகக் கொடுத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும்.

மூட்டையைச் சிமெண்ட் தரையில் நேராக அடுக்க வேண்டாம். மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது கடையிலேயே ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு நடுவில் உள்ள குச்சியைப் பிடித்துப் பாருங்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால், அல்லது குச்சி படக்கென்று ஒடியாமல் வளைந்து பிய்ந்தால், அந்த மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வேறு தேதி போட்ட மூட்டையைக் கேளுங்கள்.